வெள்ளீயத்தின் பத்துத் துண்டுகள்

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். பத்திரிகை கொடுக்கப் போகிற வீடுகளில் எல்லாம் உன்னைப் பற்றித்தான் கேட்கிறார்கள். புனேயில் என்ன வேலை, கல்கத்தாவுக்குத் திரும்ப வருவானா. கடைசியில், நாங்கள் எழுந்திருக்கிற நேரத்தில், பிஎச்.டி.யை ஏன் பாதியில் விட்டான் என்று. அதற்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். அந்தப் பதில் பொய். நீ செய்ததாக நீயே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிற தப்பு, நீ செய்தது இல்லை. நான் செய்தது. இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பினால் மடித்து எந்தப் புத்தகத்துக்குள்ளாவது வைத்துவிடுவாய். அதனால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு வருகிற மலருக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு வரப்போகிறவர்கள் எல்லாரும் அதைப் படிக்கிறவர்கள்தான். உன் கைக்கு இது ஒரு வாரம் முன்னதாக வரும். அந்த ஒரு வாரம்தான் என்னால் கொடுக்க முடிந்த மரியாதை.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. உனக்கு மூன்று வயது இருக்கும்போது, காலேஜ் தெருவில் பள்ளிக்கூடச் சுவர்ப்படங்கள் அச்சிடுகிற பிமல்தா நம் ஜாதவ்பூர் வீட்டுக்கு வந்தார். தனிம அட்டவணை ஒன்று வேண்டும், எல்லாரும் போட்டுவிட்டார்கள், நீங்கள் கொஞ்சம் வேறு மாதிரி செய்யுங்கள் பௌதி என்றார், அண்ணியைக் கூப்பிடுகிற மாதிரி. நான் எம்.எஸ்ஸி. வேதியியல். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, வேலை அமையாமல், அவருக்கு எரிமலையும் செரிமான மண்டலமும் வரைந்துகொண்டிருந்தேன். நான் படித்ததை வரையச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

சாதாரண அட்டவணையில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. குளோரினின் எடை 35.5 என்று போட்டிருக்கும். அந்த எடையில் ஒரு குளோரின் அணுகூட உலகத்தில் கிடையாது. சில அணுக்கள் 35, சில 37. ஒரே பெயர், ஒரே குணம், எடை மட்டும் வேறு. ஐசோடோப்புகள். அட்டவணை அவற்றையெல்லாம் கலக்கி ஒரு சராசரியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். நான் அதைப் பிரித்துக் காட்ட நினைத்தேன். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு வட்டம். வட்டத்துக்குள் அந்தத் தனிமத்தின் ஐசோடோப்புகள், இயற்கையில் இருக்கிற விகிதத்தில், துண்டு துண்டாக. தங்கத்துக்கு வெட்டே இல்லாத முழு வட்டம். ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய முழு வட்டம், ஒரு மயிரிழை மட்டும் வேறு நிறத்தில். அந்த இழையை உண்மையான அளவில் வரைந்தால் அச்சில் விழாது. அச்சில் விழுகிற அளவுக்குத் தடித்தால் அளவு பொய். நான் தடிக்க வைத்தேன். முதல் கட்டத்திலேயே. டெக்னீசியத்துக்கும் புரோமித்தியத்துக்கும் நிலையான ஐசோடோப் ஒன்றும் இல்லை. அவற்றுக்கு வெறும் வளையம். உனக்கு ஐந்து வயதில், சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக் கேட்டாய்.

"இந்த வீட்ல யாருமே இல்லையாம்மா?"

"இருந்தாங்க. போயிட்டாங்க."

"எங்க?"

"சாப்பிடு."

வெள்ளீயம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பத்து ஐசோடோப்புகள். வேறு எந்தத் தனிமத்துக்கும் இத்தனை நிலையானவை இல்லை. சட்டைப் பொத்தான் அளவு வட்டத்தில் பத்துத் துண்டு. பெரியதில் தொடங்கிச் சிறியதில் முடிகிற மாதிரி அடுக்கினேன், ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அதன் சதவீதம் பொடி எழுத்தில். எடைகளை வட்டத்துக்கு வெளியே, எண் வரிசையில் எழுதினேன். துண்டுக்கும் எண்ணுக்கும் நடுவே மெல்லிய கோடு. இரண்டு வரிசைகளும் வேறு வேறு என்பதால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டின. ஒவ்வொன்றாக நகர்த்தி, வளைத்து, பிரித்தேன். 117க்கும் 119க்கும் போன கோடுகள் மட்டும் பெருக்கல் குறி மாதிரி நின்றன. அசிங்கமாக இருந்தது. முனைகளைக் கழற்றி நேராக்கினேன். நேராக்கிய பிறகு துண்டுகளையும் மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. 7.68 சதவீதம் இருக்கவேண்டிய 117க்கு 8.59 போயிற்று. 8.59 இருக்கவேண்டிய 119க்கு 7.68. தூக்கக் கலக்கம், காய்ச்சல், அவசரம் என்று எதையாவது சொல்லலாம். ஒன்றும் இல்லை. நல்ல வெளிச்சத்தில், தெளிவான புத்தியோடு, அழகுக்காகச் செய்தேன். அழகாகவும் இருந்தது.

சரிபார்த்தது அப்பா. பேங்க்கிலிருந்து வந்து, முகம் கழுவி, கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்காருவார். ஒவ்வொரு வட்டமாகக் கூட்டுவார். நூறு வந்தால் பென்சிலில் ஒரு டிக். நூறு வராத மூன்று கட்டங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தார், நான் திருத்தினேன். "உன் கெமிஸ்ட்ரி எனக்கு வேண்டாம். டோட்டல் வந்தா போதும்" என்பார். வெள்ளீயத்துக்கும் நூறு வந்தது. இடம் மாறிய இரண்டு எண்கள் கூட்டுத்தொகையில் தெரியாது. வாழ்நாள் முழுக்க எண்களோடு இருந்தவருக்கும் அது தோன்றவில்லை, வேதியியல் படித்தவளுக்கும் தோன்றவில்லை. படம் அச்சானது. பிமல்தா ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

இதுவரை இது ஒரு சுவர்ப்படத்தின் தப்பு. இதை நான் உனக்குள் ஏற்றினேன். அதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். மற்றப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். நீ ஐசோடோப் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாய். ஒரு தனிமத்துக்கு ஒரு வாய். குளோரின் சின்ன வாய். வெள்ளீயம் வரும்போது தயிர்சாதம் பாதி முடிந்திருக்கும். ஏழு வயதில் எண்பது கட்டத்துக்கு மேல் உனக்கு நாக்கு நுனியில் இருந்தது. சரஸ்வதி பூஜைக்கு நம் தெருப் பந்தலில் பிள்ளைகள் எல்லாரும் கவிதை சொன்னார்கள். உன்னை நான் மேடையேற்றி வெள்ளீயத்தைச் சொல்லவைத்தேன். மஞ்சள் பஞ்சாபி ஜிப்பா போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பத்து எடையும் பத்து சதவீதமும். தப்பாக. ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் தப்பாக. கீழ்வீட்டுக் காகு, உன் வங்காளிச் சித்தப்பா, எழுந்து நின்று கத்தினார்: "ஏ தோ கம்ப்யூட்டர், பௌதி!" இது கம்ப்யூட்டர் அல்லவா என்று. எல்லாரும் கைதட்டினார்கள். நீ என்னைத்தான் பார்த்தாய். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை இப்போது நினைக்கவே வெட்கமாக இருக்கிறது.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பில் நீ ஏதோ கணக்குக்காக என் தடிமனான தகவல் புத்தகத்தைத் திறந்தாய். நான் அதை உன் கைமேலேயே மூடினேன். "எதுக்குப் பாக்கறே? உள்ள இருக்குல்ல, எடு" என்றேன். "ஒரு தடவை பாத்துக்கறேம்மா" என்றாய். "பாத்து எழுதறவன் குமாஸ்தா" என்றேன். எவ்வளவு திமிர் அந்த வாக்கியத்தில். நீ அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. நான் சொன்ன எல்லாவற்றையும் நீ கேட்டாய். அது உன் குறை இல்லை.

ஆராய்ச்சிக்கு நீ எடுத்துக்கொண்டது டின்னில் அடைத்த ரசகுல்லா. உறவினர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டின்னின் உட்பூச்சிலிருந்து எவ்வளவு வெள்ளீயம் பாகில் இறங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஐசோடோப் மட்டும் உள்ள வெள்ளீயத்தை, தெரிந்த அளவில், பாகோடு கலப்பீர்கள். விகிதம் எவ்வளவு மாறியது என்று கருவியில் பார்த்து, முன்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போடுவீர்கள். எனக்கு நீதான் சொல்லிக் கொடுத்தாய், கரியாஹாட்டில் உனக்குச் சட்டை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, பஸ்ஸில் நின்றபடி. அந்தக் கணக்குக்கு இயற்கையான வெள்ளீயத்தின் விகிதம் தெரிய வேண்டும். நீ அதைத் தட்டச்சு செய்தாய். பார்க்காமல். உள்ளே இருந்ததே. இரண்டு வருஷம். முடிவுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. கொஞ்சம்தான், ஆனால் எல்லாமே. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, அளவு தெரிந்த மாதிரிப் பொருள் பொருந்தாதபோது கருவியைச் சந்தேகப்பட்டீர்கள். கழற்றினீர்கள். வெளியூரிலிருந்து ஆள் வந்தார். ஒரு கட்டுரையும் வெளியானது. பிறகு வெளிநாட்டிலிருந்து யாரோ உன் கைடுக்கு இரண்டே வரியில் ஒரு கேள்வி எழுதினார், வெள்ளீயத்தின் இந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்று.

அந்த வாரத்தில் ஒரு நாள் நீ வீட்டுக்கு வந்தாய். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்ப்படத்தின் முன்னால் நின்றாய். ரொம்ப நேரம். ரசம் ஆறிவிட்டது. "என்னடா பாக்கறே?" என்று அடுக்களையிலிருந்து கேட்டேன். நீ திரும்பவில்லை. "ஒண்ணுமில்லம்மா. டிசைன் நல்லா இருக்கு" என்றாய். இருபது வருஷத்துக்குப் பிறகு மகன் கவனித்துச் சொல்கிறான் என்று எனக்குச் சந்தோஷம். அன்று மாலை அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன்கூட. இப்போது அந்த முதுகை நினைத்துப் பார்க்கிறேன். நீ வெள்ளீயத்தைப் படித்துக்கொண்டிருந்தாய். கண்டுபிடித்துவிட்டாய். அந்த நொடியில் என்ன செய்வதென்று முடிவும் செய்துவிட்டாய்.

இரண்டு மாதம் கழித்து நீ புனேக்குப் போனாய். பள்ளிப் பிள்ளைகளின் பரீட்சைக்குக் கேள்வி எழுதிக் கொடுக்கிற கம்பெனி. ஆராய்ச்சி அலுத்துவிட்டது என்றாய். டைப் அடிக்கும்போது எண் மாறிவிட்டது, கைடுக்குக் கோபம், போகட்டும் என்றாய். நாங்கள் நம்பினோம். அதன் பிறகு உன்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மௌமிதா உன் பெட்டியைக் கொடுக்க வந்தாள். வெள்ளைக் கோட்டு, கோப்பை, நான்கு நோட்டு. டீ கொடுத்தேன். அவள் குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தாள். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து கிட்டத்தில் போனாள். மூக்கு படத்தில் இடிக்கிற மாதிரி. திரும்பிய முகம் வேறாக இருந்தது. நாங்கள் வங்காளத்தில் பேசினோம். தமிழில் எழுதுகிறேன், சித்தி என்கிற காகிமாவை மட்டும் விட்டுவிட்டு.

"காகிமா, இந்தப் படம் யார் செஞ்சது?"

"நான்தான். ஏன்?"

"அவன் இதைப் பாத்துத்தான் வளர்ந்தானா?"

"பாத்து இல்ல. அவனுக்கு மனப்பாடம்."

அவள் வெள்ளீயத்தின் கட்டத்தில் விரலை வைத்தாள். பிறகு சொன்னாள். "அவன் டைப்பிங் மிஸ்டேக்னு சொன்னான் காகிமா. சார் நம்பல. நாலு ஃபைல்லயும் அதே ரெண்டு நம்பர், அதே மாதிரி மாறியிருந்துச்சு. கை தவறினா நாலு தடவை ஒரே மாதிரியா தவறும்? நம்பர் எங்கேருந்து எடுத்தேன்னு சார் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். ஏதோ பழைய புக்னு சொல்லியிருந்தாகூட விட்டிருப்பார். இவன் வாயே தொறக்கல. அப்பதான் சாருக்கு இவன்மேல சந்தேகமே வந்துச்சு. வேணும்னே மாத்தியிருக்கானோன்னு." பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், செருப்பை மாட்டாமல் நின்று, "அவன் ஒரு முட்டாள், காகிமா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. என் கண்ணில் இல்லை. நான் நாற்காலி போட்டு ஏறி, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, என் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மற்ற எல்லாம் சரி. அது ஒன்றுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் அரை மணி நேரம் செய்திருக்க வேண்டிய வேலை.

தப்பான எண்ணுக்காக உன்னை யாரும் அனுப்பவில்லை. எண் எங்கிருந்து வந்தது என்று சொல்லாததற்காக அனுப்பினார்கள். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் உன் படிப்பு நின்றிருக்காது: எங்கம்மா செஞ்ச சார்ட்லேருந்து. நீ சொல்லவில்லை. நான் உன் கைடுக்கு எழுதினேன். படத்தைப் புகைப்படம் எடுத்து, தப்பை வட்டமிட்டு, நான் யார், நீ எப்படி மனப்பாடம் செய்தாய் என்று எல்லாம் எழுதினேன். நல்ல மனிதர். மறுநாளே பதில் போட்டார். முன்பே தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று வருத்தப்படுவதாகவும், கட்டுரை திரும்பப் பெறப்பட்டுவிட்டது, உதவித்தொகை முடிந்துவிட்டது, உன் இடத்தில் வேறொருவர் சேர்ந்துவிட்டார் என்றும் எழுதியிருந்தார். கடைசியில், நீ கெட்டிக்காரன் என்று. ஆறு வரிக் கடிதம். ஒரு கதவும் இல்லை அதில். தட்டிப் பார்த்துவிட்டேன்.

பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. திருத்தச் சீட்டு அச்சடித்தேன். வெள்ளீயத்தின் கட்டம் மட்டும், அதே அளவில், பின்னால் பசையோடு. பிமல்தாவிடம் எந்தெந்தப் பள்ளிகள் வாங்கின என்று கேட்டேன். "இப்ப எல்லாம் டிஜிட்டல் போர்டு பௌதி. சார்ட்டைப் பத்திக் கேட்ட ஒரே ஆள் நீங்கதான்" என்று சிரித்தார். நினைவிலிருந்த நான்கு பெயர்களைச் சொன்னார். இரண்டு பள்ளிகள் மூடிவிட்டன. ஒன்றில் படம் இல்லை. நான்காவது ஹவுராவில். லாஞ்சில் ஆற்றைத் தாண்டிப் போனேன். வேதியியல் கூடத்தில் மாட்டியிருந்தது. ஜன்னல் வெயிலில் நீலமும் சிவப்பும் போய், எல்லா வட்டமும் ஒரே பழுப்பாக இருந்தன. எந்தத் துண்டு எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒட்டுங்க, ஒட்டுங்க, என்றார்.

"பசங்க யாராவது இதைப் பாத்து எழுதியிருப்பாங்களா?"

"பரீட்சைக்கு வராது திதிமணி. யார் பாக்கறது?"

"நீங்க?"

"நான் ஃபேன் போடத்தான் அந்தப் பக்கமே போவேன்."

சீட்டை ஒட்டினேன். அந்தப் படத்தில் அது ஒன்றுதான் பளிச்சென்று இருந்தது. கீழே இறங்கும்போது புரிந்தது. ஊரெல்லாம் தொங்கிய படம். வெள்ளீயத்தின் கட்டத்தைக் கிட்டத்தில் போய்ப் படித்தவர் யாரும் இல்லை. இத்தனை வருஷத்தில் என்னை உண்மையாகப் படித்தவன் நீ ஒருவன். கெட்டுப்போனவனும் நீ ஒருவன்தான். மீதிச் சீட்டுகள் பையில் இருக்கின்றன. என்ன செய்வது என்று தெரியவில்லை.

இனி துர்காபூர். இதை எழுதுவதற்காகத்தான் மற்றதை எல்லாம் எழுதினேன். உனக்காகக் காவேரியைப் பெண் பார்க்க நாம் மூன்று பேரும் போனபோது, மௌமிதா வந்துபோய் மூன்று வாரம் ஆகியிருந்தது. எனக்கு எல்லாம் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. காவேரியின் அப்பா இரும்பாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவர். ஒவ்வொரு பண்டத்தையும் நமக்குக் கொடுக்குமுன் தட்டை லேசாகச் சாய்த்துப் பார்க்கிறவர். சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

"பிஎச்.டி.ய ஏன் தம்பி பாதியில விட்டீங்க?"

"என் கவனக்குறைவு அங்கிள். நம்பர் ரெண்டு மாத்திப் போட்டுட்டேன்."

"ரெண்டே நம்பரா? எங்க பிளான்ட்ல ஒரு நம்பர் மாறினாலே ஆளு வீட்டுக்குத்தான்!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. காவேரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கெமிஸ்ட்ரிதானேம்மா? புள்ளைக்கு நீங்க சொல்லித் தரலியா?" அதுதான் இடம். கதவைத் திறந்து வைத்து, உள்ளே வா என்று கூப்பிட்ட மாதிரி. நான் சும்மா இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் மன்னிக்கலாம். நான் சும்மா இருக்கவில்லை. "சொல்லிக் குடுத்தேன் சார். இவன் சின்ன வயசிலேருந்தே அவசரக்காரன்" என்றேன். அதோடு புன்னகையும் செய்தேன். நீ கீழே பார்த்துச் சிரித்தாய். சமோசாவைப் பிய்த்தாய். தின்னவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். சம்பந்தம் கெட்டுவிடும் என்ற பயம் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது இல்லை. புதிய மனிதர்கள் முன்னால் நான் கெட்டிக்காரியாக இருக்க விரும்பினேன். பந்தலில் உன்னை நிற்கவைத்ததும் அதற்குத்தான். கோடுகளை நேராக்கியதும் அதற்குத்தான். ஐம்பத்தாறு வயதில் ஒருத்தி தன்னைப் பற்றித் தெரிந்துகொள்வது இவ்வளவுதான் என்றால், தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்ப் படத்தின் முன்னால் நின்றார். கால்குலேட்டரைத் தேடினார். "கூட்டிப் பாத்தேனே" என்றார். "நூறு வந்துச்சே." மறுபடி கூட்டினார். மறுபடி நூறு வந்தது. அதற்கப்புறம் சாப்பாட்டு மேஜையில் இடத்தை மாற்றிக்கொண்டார். இப்போது ஜன்னலைப் பார்த்து உட்காருகிறார். படத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். கழற்றவில்லை.

இந்த மாதிரிக் கடிதத்தில் அறிவுரை இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் உனக்குப் பிள்ளை பிறந்தால், விருந்தாளி முன்னால் எதையும் ஒப்பிக்கச் சொல்லாதே. அது புத்தகத்தைத் திறந்தால் திறக்க விடு. பத்து தடவை திறந்தாலும் விடு. தெரியாது என்று அது சொல்லும்போது முகத்தை மாற்றாதே. நான் மாற்றியிருக்கிறேன். உனக்கு நினைவிருக்கும். இன்னொரு அறிவுரையும் இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரியது அதுதான். அதை எழுத எனக்கு அனுமதி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் துர்காபூருக்கு எழுதினேன். உன்னைக் கேட்காமல். காவேரியின் அப்பாவுக்கு முழுதும் எழுதினேன், சமோசா வரைக்கும். உண்மையைச் சொன்னால் உன் பெயர் சுத்தமாகிவிடும் என்று நினைத்தேன். அவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். அவர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"தப்பு நம்பர் பெரிய விஷயமில்லம்மா. முப்பது வருஷத்துல எத்தனை பாத்திருக்கேன். ஆனா ஏன்னு கேட்டா வாயத் தொறக்காத ஆளு இருக்கான் பாருங்க, அவன்தான் எனக்குப் பயம். இன்னைக்கு உங்களுக்காக மறைச்சான். நாளைக்கு என் பொண்ணுகிட்ட எதை, யாருக்காக மறைப்பான்?"

 அவர் சொன்னது சரி. கல்யாணத்தை நிறுத்துவதாக அவர் சொல்லவில்லை. நடக்கும் என்றும் சொல்லவில்லை. யோசிக்கறோம்மா என்றார். உன்னைக் காப்பாற்ற நான் எடுத்துவைத்த முதல் அடி உன்மேலேயே விழுந்தது. இதிலும் நான் சரிபார்க்கவில்லை.

அன்று மாலை காவேரி கூப்பிட்டாள். அந்தப் பெண்ணின் குரல் நடுங்கவில்லை. "ஆன்ட்டி, நீங்க எழுதினது அவருக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "முதல்ல அவர்கிட்டதானே சொல்லியிருக்கணும்?" ஆமாம் என்றேன்.  அவர்கள் வீட்டுக் குக்கர் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். "அப்பா எங்கிட்ட விட்டுட்டார். நீங்க உங்க பையனுக்கு எழுதுங்க. அது கிடைச்ச ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ணுவேன். ஒண்ணே ஒண்ணு கேப்பேன். நம்பர் எங்கேருந்து வந்துச்சுன்னு. அதைச் சொன்னா போதும். சொல்லலேன்னா எனக்கு வேண்டாம் ஆன்ட்டி, நெஜமாவே வேண்டாம். இதை ஒளிக்காம அவருக்கு எழுதுங்க. என்ன பதில் சொல்லணும்னு மட்டும் நீங்க சொல்லிக் குடுக்காதீங்க." சரி என்றேன். "ப்ராமிஸ்?" என்றாள். ப்ராமிஸ் என்றேன்.

சொல்லிக் கொடுக்காமல் உன்னை விட்டது எனக்கு நினைவில் இல்லை. இந்தப் பத்தியைப் பலமுறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வாக்கியத்தில் பதில் ஒளிந்திருந்தது. நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும் என்றே பயப்படுகிறேன். உன் கைடு திரும்பத் திரும்பக் கேட்டும் நீ சொல்லவில்லை. இப்போது ஊரே படிக்கப்போகிறது என்று தெரிந்த பிறகும், அம்மா மிகைப்படுத்துகிறாள், தப்பு என்னுடையதுதான் என்று நீ சொல்லக்கூடும். அது உனக்கு அன்பாகத் தோன்றும். அவளுக்கு அது ஒரு மூடிய கதவு. அவள் போனை வைத்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கூப்பிடுவாள். அப்பா ஜன்னல் பக்கம் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஒரு எழுத்தும் படிக்காமல். நான் உனக்குப் போன் செய்யமாட்டேன். நீ என்ன சொன்னாய் என்று அதற்குப் பிறகும் கேட்கமாட்டேன்.